நிலா எழும் படம்: எடுத்தவர் எங்கே நின்றார், அப்போது எத்தனை மணி?

எங்கள் வீட்டு அலுமாரியில் ஆறுக்கு நான்கு அங்குலப் படம் ஒன்று இருக்கிறது. இடம்பெயர்ந்த நாட்களில் அடையாள அட்டைகளோடு ஒரே பொலித்தீன் பைக்குள் கிடந்து தப்பியது. ஒரு மூலை தண்ணீர் பட்டு ஊதிக் காய்ந்திருக்கிறது. இடம் இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளம். குளக்கட்டின் மேல் பெரியம்மா நிற்கிறார். அவருக்குப் பின்னால் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு மருத மரம், அக்கரையில் பனைகள், பிள்ளையார் கோயில் மணிக்கோபுரம். கோபுரத்துக்கு வலப்பக்கம், சற்று மேலே, கடுகளவில் நிலா. பின்பக்கத்தில் நீலப் பேனையால் ‘சித்திராப் பறுவம் 2004, பின்னேரம் 6.50’ என்று எழுதியிருக்கிறது. பறுவம் என்றால் முழுநிலா.

படத்தை எடுத்தது யார் என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. அம்மா சித்தப்பா என்பார். பெரியம்மாவின் மகள், அப்போது கொழும்பிலிருந்து வந்து நின்ற மாமாதான் என்பாள். கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது இருவருமே இல்லை. நிலாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்ட முறையை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தால் கூடவே செய்து பார்க்கலாம். அடிமட்டம், கணிப்பான், செய்மதி வரைபடம், எந்த நாளின் வானத்தையும் திரையில் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெல்லேரியம் மென்பொருள், இவ்வளவும் போதும்.

தொடங்க முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். படம் எடுத்தவர் நின்ற இடத்தை நிலா நேரடியாகச் சொல்லாது. நீங்கள் கட்டில் நூறு மீற்றர் தள்ளிப் போனாலும் நிலா அதே திசையில்தான் நிற்கும். அதன் நிலை ஒரு பாகை மாறுவதற்கே நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். நின்ற இடத்தைச் சொல்வது மரமும் கோபுரமும். நாளையும் நேரத்தையும் சொல்வதுதான் நிலா. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் முதல் நாளே களைத்துப் போவார்கள்.

முதலில் படத்தை வெறும் கண்ணால் பாருங்கள்

கணக்குக்கு அவசரப்பட வேண்டாம். நிலா முழு வட்டமா? தரையில் இன்னும் வெளிச்சம் இருக்கிறதா? நிலா அடிவானத்துக்குப் பக்கத்தில் இருந்து, நிலமும் பகல் வெளிச்சத்தில் தெரிந்தால், அது பறுவ நாள் அல்லது அதற்கு முதல் நாள். அடுத்த நாள் என்றால் நிலா காலிக்கும்போது ஊர் இருட்டிவிடும். நிலா எழும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம் பிந்திக்கொண்டு போவதுதான் காரணம். ஆகவே ஒரு மாதத்தில் இப்படிப்பட்ட படம் எடுக்கக்கூடிய நாள் ஒன்றோ இரண்டோதான். பறுவம் ஒவ்வொன்றும் இலங்கையில் போயா விடுமுறை என்பதால் பழைய கலண்டரே பாதி வேலையைச் செய்துவிடும்.

எங்கள் படத்தில் மணிக்கோபுரத்தின் உச்சியில் மட்டும் செம்மை ஒட்டியிருக்கிறது. தண்ணீர் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. பெரியம்மாவின் நிழல் எங்கும் இல்லை. சூரியன் விழுகிற நேரம், அல்லது விழுந்து ஓரிரு நிமிடம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்தேன். கணக்கு பிறகு வேறு கதை சொன்னால் கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், படத்தை அல்ல.

தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். வன்னிக் குளங்கள் மாரி மழையில் நிரம்பி, சிறுபோகத்துக்குத் திறந்துவிடத் திறந்துவிட ஆவணி, புரட்டாதிக்குள் அலைகரை, அதாவது குளத்தின் உட்புற ஓரம், வெடித்துக் கிடக்கும். இது எதற்கு என்று கீழே நாளைக் குறிக்கும்போது தெரியும்.

நின்ற இடம்

இந்தப் பகுதியில் அவசரம் கூடாது. பிழைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள்.

படத்தில் கிட்டத்துப் பொருள் ஒன்றும் தூரத்துப் பொருள் ஒன்றும் ஒரே நேர்கோட்டில் வருகிற இடத்தைத் தேடுங்கள். எங்கள் படத்தில் மருத மரத்தின் அடியும் அக்கரையில் தனித்து நிற்கும் ஒரு பனையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வருகின்றன. செய்மதி வரைபடத்தில் பனையையும் மருதையும் கோடு போட்டு இணைத்து, அந்தக் கோட்டை இக்கரை வரை இழுத்தேன். கட்டு அந்த இடத்தில் தெற்கு வடக்காகப் போவதால் கோடு கிட்டத்தட்டக் குறுக்காக வெட்டியது. வெட்டிய புள்ளிதான் அவர் நின்ற இடம். கட்டு, தெரு, வாய்க்கால் வரம்பு என்று நின்றிருக்கக்கூடிய இடமே ஒரு கோடாக இருந்தால் இப்படி ஒரு சோடி போதும். திறந்த வெளி என்றால் இரண்டு சோடி தேவை.

எவ்வளவு திருத்தமாக வரும் என்று கேட்பீர்கள். மருதை கட்டிலிருந்து 40 மீற்றர். படம் எடுத்தவர் ஒரு மீற்றர் பக்கத்தே நகர்ந்திருந்தால், தூரத்துப் பனையோடு ஒப்பிடும்போது மருதை ஏறக்குறைய 1.4 பாகை நகர்ந்திருக்கும். எங்கள் அச்சில் அது மூன்றரை மி.மீ.க்கு மேல். அரை மி.மீ. வித்தியாசத்தைக் கண் பிடிக்கும். ஆகவே ஒரு சாண் இங்கே அங்கே என்ற அளவுக்கு இடத்தைச் சொல்லிவிடலாம். கிட்டத்துப் பொருள் எவ்வளவு கிட்டவோ, தூரத்துப் பொருள் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு நல்லது.

மரங்களில் ஒரு பொறி இருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் மருதை பருத்துவிட்டது. முதலில் அடிமரத்தின் இடது ஓரத்தை வைத்து ஒப்பிட்டு, இடம் ஏன் சரியாக விழவில்லை என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். மரம் என்றால் அடியின் நடுவை எடுங்கள். கட்டடத்தின் ஓரத்தை நம்பலாம், அது இடித்துக் கட்டப்படாதிருந்தால். வன்னியில் இந்த ‘இருந்தால்’ பெரியது. போருக்குப் பிறகு துருசுகள் (மதகுகள்) புதிதாகக் கட்டப்பட்டன, கட்டுகள் மண்போட்டு உயர்த்தப்பட்டன. இரணைமடுக் குளத்தின் கட்டே உயர்ந்துவிட்டது. ஆகவே கூகிள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். அதற்கும் முந்தைய படம் என்றால் நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓர் அங்குல வரைபடம் உதவும்.

அச்சில் ஒரு பாகை எத்தனை மி.மீ.?

கமராவின் வில்லை அளவு தெரிந்தால் கணக்கிட்டுவிடலாம். 35 மி.மீ. வில்லை, 36 மி.மீ. அகலப் பிலிம், அது 152 மி.மீ. அகல அச்சாகப் பெருத்தால், நடுப்பகுதியில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 2.6 மி.மீ. வரும். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். அச்சுப் போடுகிற இயந்திரம் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிவிடும். எங்கள் இன்னொரு படத்தில் ஸ்டூடியோக்காரர் ஒருவர் ஆட்களைப் பெரிதாக்குகிறேன் என்று பாதிக் குளத்தையே வெட்டியிருக்கிறார்.

நம்பத்தக்க வழி இது. நின்ற இடம் இப்போது தெரியும். அங்கிருந்து தூரத்துப் பொருட்கள் இரண்டின் திசைகோளை வரைபடத்தில் அளந்துகொள்ளுங்கள். எங்களுக்குத் தனிப்பனை 98 பாகை, மணிக்கோபுரம் 103 பாகை. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணியது. இடைவெளி 5 பாகை. அச்சில் இரண்டுக்கும் இடையே 13 மி.மீ. ஆக ஒரு பாகைக்கு 2.6 மி.மீ. வில்லைக் கணக்கும் இதுவும் ஒத்துப்போனது, வெட்டு பெரிதாக இல்லை என்று அர்த்தம். போனின் திசைகாட்டியை இதற்கு எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றாலே அது ஆடிப்போகும்.

நிலாவின் விட்டம் அரைப் பாகை, அதையே அளவுகோலாக வைத்தால் என்ன என்று தோன்றும். தூரவில்லையில் எடுத்து, நிலாவின் முகம் தெளிவாகத் தெரிகிற படமென்றால் தாராளமாகச் செய்யலாம். இப்படிக் கடுகளவில் இருக்கும்போது வெளிச்சம் பிலிமில் கசிந்து நிலா ஊதித் தெரியும். எங்கள் அச்சில் அது 1.4 மி.மீ. இருக்க வேண்டும், அளந்தால் இரண்டுக்குக் கிட்ட வருகிறது.

நிலாவின் திசையும் உயரமும்

திசை சுலபம். மணிக்கோபுரத்துக்கு வலப்பக்கம் நிலாவின் நடு 7.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. 2.6ஆல் வகுத்தால் 2.9 பாகை. 103ஓடு கூட்ட 105.9. நிலா கிழக்கிலிருந்து பதினாறு பாகை தெற்கே.

உயரத்தில்தான் வழுக்குவார்கள். ஏற்றக்கோணத்தை எங்கிருந்து அளப்பது? மரங்களின் தலையிலிருந்து அல்ல. 800 மீற்றருக்கு அப்பால் நிற்கிற 12 மீற்றர் பனை, அடிவானத்தை முக்கால் பாகைக்கு மேல் மறைத்துவிடும். அக்கரையின் நீர்விளிம்பும் உண்மையான கிடைமட்டம் அல்ல. நீங்கள் உயரத்தில் நிற்பதால் அது கிடைமட்டத்துக்குக் கீழே தெரியும். கட்டு தண்ணீரிலிருந்து மூன்று மீற்றர், கமரா அதற்கு மேல் ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூட; மொத்தம் 4.6 மீற்றர் என்று வைத்தேன். 4.6ஐ 800ஆல் வகுத்தால் வரும் கோணம் 0.33 பாகை, அச்சில் 0.85 மி.மீ. நீர்விளிம்புக்கு அவ்வளவு மேலே மெல்லிய பென்சிலால் ஒரு கோடு. அச்சின் மேல் அல்ல, மேலே வைத்த ஒளிபுகும் தாளில்.

நீர்விளிம்பிலிருந்து நிலாவின் நடுவுக்கு 12.9 மி.மீ. அதாவது ஏறக்குறைய 4.96 பாகை. 0.33ஐக் கழிக்க 4.6 பாகை. இதுதான் நிலாவின் ஏற்றக்கோணம்.

அந்தப் பென்சில் கோட்டால் இன்னொரு காரியமும் ஆகும். மட்டமான தரையில் நிற்கிற எவரையும் கிடைமட்டக் கோடு கமராவின் உயரத்திலேயே வெட்டும். கமரா இடுப்பளவில் இருந்தால் எல்லோருக்கும் இடுப்பில், கண்ணளவில் இருந்தால் கண்ணில். எங்கள் படத்தில் கோடு பெரியம்மாவின் தலைக்கு மேலால் போகிறது, இரண்டரை மி.மீ. இடைவெளி விட்டு. அவர் மூன்று மீற்றர் முன்னால் நிற்கிறார். அந்தத் தூரத்தில் அச்சின் ஒரு மி.மீ. உண்மையில் 2 செ.மீ. ஆகவே கமரா அவர் தலையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில். பெரியம்மா ஐந்தடி ஒரு அங்குலம், 155 செ.மீ. கமரா 160 செ.மீ.யில். கண்ணில் வைத்து எடுத்தவரென்றால் ஆள் ஐந்தடி ஏழு, எட்டு அங்குலம் இருக்க வேண்டும். சித்தப்பா பெரியம்மாவைவிட இரண்டு விரல்தான் உயரம். மாமா நெடுவல்.

கட்டின் மேல் முழுச் சமதளம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் பத்து செ.மீ. வித்தியாசத்தை அது விழுங்காது.

எந்த நாள்?

பின்பக்கத்தில் நாள் எழுதியிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். எழுதாத படமென்றால் திசையிலிருந்து தொடங்குங்கள். பறுவ நிலா சூரியனுக்கு எதிரே நிற்பது. சூரியன் வடக்கே போகிற வைகாசி, ஆனியில் அது தென்கிழக்கே எழும், மார்கழியில் வடகிழக்கே, பங்குனியிலும் புரட்டாதியிலும் கிட்டத்தட்ட நேர்கிழக்கே. 106 பாகை என்றால் சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசி வரை, அல்லது ஆடி ஆவணி. ஒரே திசை வருடத்தில் இரண்டு தடவை வரும். இங்கேதான் குளத்தின் தண்ணீர் மட்டம் சாட்சி சொல்கிறது. எங்கள் படத்தில் அலைகரை தெரியவில்லை, மருதையின் அடி தண்ணீருக்குள். ஆவணியாக இருக்க வாய்ப்பில்லை.

நிலா சூரியன் போகிற பாதையிலேயே ஒட்டிப் போவதில்லை, ஐந்து பாகை வரை விலகும். அந்த விலகல் 18.6 ஆண்டுச் சுற்றில் இடம் மாறும். 2006இலும் 2024, 2025இலும் போல அது உச்சமாக இருக்கும் ஆண்டுகளில் வன்னியில் நிலா 61 பாகையிலிருந்து 119 பாகை வரை எங்கேயும் எழும். 1997, 2015 போன்ற ஆண்டுகளில் 71க்கும் 109க்கும் இடையில் அடங்கிவிடும். ஆகவே மாதம் தெரிந்து ஆண்டு தெரியாத படத்தில், ஒவ்வோர் ஆண்டின் பறுவத்தையும் ஸ்டெல்லேரியத்தில் ஓட்டிப் பார்த்து, திசையும் உயரமும் சேர்ந்து பொருந்துவதைத் தேட வேண்டும். பொறுமைதான் வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களின் நினைவையும் தள்ளிவிடாதீர்கள், நாளைப் பொறுத்தமட்டில். அம்மாவுக்கு அன்றைக்குக் கோயிலில் சித்திரைக் கஞ்சி ஊற்றியது நினைவிருந்தது, இரவு கிரகணம் பிடித்ததும் நினைவிருந்தது. 2004 மே 4, செவ்வாய், சித்திராப் பறுவம். அன்றிரவு முழுச் சந்திர கிரகணம், உச்சம் உலக நேரம் (கிரீன்விச் நேரம்) 20.30. வேறு ஆண்டுகளோடு குழப்ப இடமே இல்லை. முதல் நாளான மே 3 என்றால் சூரியன் விழும் நேரத்தில் நிலா 20 பாகைக்குக் கிட்ட ஏறியிருக்கும். மே 5 என்றால் இன்னும் எழும்பியே இருக்காது.

எத்தனை மணி?

வன்னிக்காரருக்கு இயற்கை தந்த வசதி ஒன்று இங்கே இருக்கிறது. நாம் பூமியின் நடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைதான் வடக்கே. அதனால் நிலா அடிவானத்திலிருந்து கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். அரை மணி நேரத்தில் உயரம் ஆறேழு பாகை கூட, திசை ஒன்றரைப் பாகைதான் நகரும். ஆகவே உயரத்தை நேரமாகவும் திசையை நாளாகவும் தனித்தனியே வாசிக்கலாம். வடக்கே போகப்போக நிலா சரிந்து ஏறும். அங்கே உயரமும் திசையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

இந்த வேலைக்குப் பேர்போன உதாரணமே அப்படிப்பட்ட ஓரிடத்தில்தான். அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் நிலா எழுவதை எடுத்த படத்துக்கு நாளைக் குறித்து வைக்கவில்லை. அவரே 1940 முதல் 1944 வரை வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லியிருக்கிறார். டேவிட் எல்மோர் கணித்தபோது 1941 ஒக்டோபர் 31, பி.ப. 4.03 என்று வந்தது. 1991இல் டெனிஸ் டி சிக்கோ மறுபடி கணித்து 1941 நவம்பர் 1, பி.ப. 4 மணி 49 நிமிடம் 20 விநாடி என்று திருத்தினார். ஒரே படம், ஒரு நாள் வித்தியாசம்.

சரி, ஸ்டெல்லேரியத்துக்கு வருவோம். இடத்தை வடக்கு 9.2, கிழக்கு 80.6 என்று கொடுங்கள். ஊருக்கு ஊர் சிறிது மாற்றினால் போதும். வளிமண்டலத்தை இயக்கி விடுங்கள், அப்போதுதான் காற்றில் ஒளி வளைவதையும் சேர்த்து உயரம் காட்டும். பழைய பஞ்சாங்கக் கணக்கைக் கையால் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அட்டவணை நிலாவின் இடத்தைப் பூமியின் மையத்திலிருந்து சொல்லும். நாம் மையத்தில் நிற்கவில்லை, மேற்பரப்பில் நிற்கிறோம்; நிலாவோ கிட்ட இருக்கிறது. அடிவானத்துக்குப் பக்கத்தில் இந்த வித்தியாசம் ஒரு பாகை அளவு, நேரத்தில் நாலரை நிமிடம். மென்பொருள் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மே 4 பின்னேரம், உலக நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டிய கணக்கில், நிலா இப்படி ஏறியது: 6.00க்கு அடிவானத்தை ஒட்டி, அரைப் பாகைக்கும் குறைவாக. 6.10க்கு இரண்டரைப் பாகை. 6.20க்கு 4.7, திசை 105.9. 6.30க்கு ஏழுக்குக் கிட்ட. 6.50க்கு 11.4, திசை 107.5. சூரியன் விழுந்தது 6.20 அளவில்.

எங்கள் அளவு 4.6 பாகை, 105.9. ஆக நேரம் 6.20. பின்பக்கத்தில் எழுதியதோ 6.50. நிலா 11.4 பாகையில் இருந்திருந்தால் அச்சில் நீர்விளிம்பிலிருந்து மூன்று செ.மீ. உயரத்தில் தெரிந்திருக்கும், ஊரும் மம்மலாகியிருக்கும். அரை மணி நேரம் எங்கே போனது?

வன்னியில் இருந்தவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். 1996 மே 25இல் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணியைத் திருப்பி எடுத்தது. அதிலிருந்து 2006 ஏப்ரல் 15 வரை நாட்டின் நேரம் உலக நேரத்தோடு ஆறு மணி கூட்டியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்த மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. பழைய ஐந்தரை மணிக் கணக்கே ஓடியது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டுகிறவர்கள் உடல் சோதனையோடு மணிக்கூட்டையும் அரை மணி நேரம் திருப்பினார்கள். ‘புது நேரமோ, பழைய நேரமோ?’ என்று கேட்காமல் ஒரு கலியாண வீட்டுக்குக்கூடப் போக முடியாது.

புது நேரம் 6.50 என்றால் பழைய நேரம் 6.20. எழுதியவரின் மணிக்கூடு கொழும்பு நேரத்தில் ஓடியிருக்கிறது.

அந்தப் பத்து ஆண்டுகளில் எடுத்த எந்த வன்னிப் படத்துக்கும் இது பொருந்தும். அச்சின் மூலையில் செம்மஞ்சள் எழுத்தில் கமரா நேரம் பதித்திருந்தாலும் அது எந்த நேரம் என்று முதலில் கேளுங்கள். இன்னொரு பொறி மென்பொருளிலேயே இருக்கிறது. நேர வலயத்தை ‘கொழும்பு’ என்று கொடுத்தால் 1996 முதல் 2006 வரை அது தானாகவே புது நேரத்துக்கு மாறிவிடும், உங்களுக்குச் சொல்லாமல். நான் முதல் தடவை இதில்தான் விழுந்து, எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆகவே கணக்கு முழுவதையும் உலக நேரத்தில் போட்டு, கடைசியில் மட்டும் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். 1942க்கும் 1945க்கும் இடையிலும் போர்க்காலம் என்று இலங்கை நேரத்தை மாற்றி வைத்திருந்தார்கள். தாத்தா காலத்துப் படமென்றால் அதையும் பாருங்கள்.

எவ்வளவு நம்பலாம்?

அச்சில் ஒரு மி.மீ. பிழை ஏறக்குறைய 0.38 பாகை, நேரத்தில் ஒன்றே முக்கால் நிமிடம். என் கண்ணும் அடிமட்டமும் சேர்ந்து அரை மி.மீ. தவறும். அக்கரைத் தூரத்தில் ஐம்பது மீற்றர் பிழைவிட்டாலும் பாதகமில்லை, உயரம் 0.02 பாகைதான் மாறும். கமரா சரிந்திருந்தால் கவனம். நீர்விளிம்பு அச்சில் சரிந்து தெரியும், அந்தச் சரிவுக்குச் செங்குத்தாகவே அளக்க வேண்டும். எல்லாம் சேர்த்து, எங்கள் நேரம் மூன்று நிமிடம் கூடிக் குறையலாம். அரை மணி நேரக் கேள்விக்கு அது தாராளம்.

முடிந்தால் ஒருக்கா அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். 19 ஆண்டுக்கு ஒரு தடவை பறுவம் கிட்டத்தட்ட அதே தேதிக்குத் திரும்பி வரும். 2004 மே 4க்கு 2023 மே 5. அன்று பின்னேரம் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில், கணக்கு சொன்ன இடத்தில் நின்றேன். மருதையும் பனையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்து நின்றன. அரை அடி இடப்பக்கம் வைத்தால் பிரிந்தன, திரும்பி வந்தால் சேர்ந்தன. நிலா படத்திலிருக்கும் அதே உயரத்துக்கு வர ஏழெட்டு நிமிடம் பிந்தியது. வந்தபோது ஒன்றரைப் பாகை வலப்பக்கம். சுற்று முழுதாகப் பொருந்துவதில்லை, அவ்வளவு விலகல் இருக்கும் என்று ஸ்டெல்லேரியம் முன்பே சொல்லியிருந்தது.

போகிறவர்கள் தனியே போக வேண்டாம். மம்மலில் யானை தண்ணீருக்கு இறங்கும். மிதிவெடிப் பலகை நட்ட பக்கம் ஒரு அடியும் வைக்க வேண்டாம், கோடு அங்கேதான் வெட்டுகிறது என்றாலும். அந்தப் படத்துக்கு வரைபடக் கணக்கே போதும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நிலாவின் உயரம், கொழும்பு நேரம், பெரியம்மாவின் தலைக்கு மேலால் போகும் கோடு, எல்லாவற்றையும். பதினைந்து வருடமாகச் சித்தப்பா என்று நின்றவர், படத்தை வாங்கித் திருப்பி அந்த 6.50ஐக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஓம், மாமா ஓமந்தையில மணிக்கூட்டைத் திருப்பவே மாட்டார். நிண்ட நாள் முழுக்கச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்து குந்திக்கொண்டிருப்பார்” என்றார்.